சிவதர்சினியின் கோவையில் இல்லாத தாள்

“ஜெயபுரத்துக்கு அங்கால கறன்ற் காருக்குச் சார்ஜ் போடுற இடம் ஒண்டு திறந்திருக்கினமாம், கேள்விப்பட்டனியே பிள்ளை?” என்று செல்வநாயகம் மாமா கேட்டார். “சனம் நெல் காயப்போடுற தளத்தையே தூக்கிக் கொம்பனிக்குக் குடுத்துப்போட்டினமாம். கந்தோரில வேலை செய்யிற ஒரு பிள்ளை காணிக் கோவையில, அதான் பைலில, இருந்த தாளை உருவி எடுத்துப்போட்டுதாம். இப்ப வீட்டுக்கு மேல்மாடி கட்டுறாவாம்.”

லண்டனில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், உறவுக்காரப் பிள்ளை ஒன்றின் பிறந்தநாள் மண்டபம். மாமா என் அப்பாவின் பழைய கூட்டாளி. ஊரில் என்ன நடந்தாலும் எங்களுக்கு முதலில் அவரிடமிருந்துதான் வரும்.

“ஆர் மாமா சொன்னது?”

“என்ர மச்சான். அவனுக்குப் பஸ்ஸில பக்கத்துச் சீற்றில இருந்த மனுசன் சொன்னதாம். பொய் சொல்ல அந்த மனுசனுக்கு என்ன தேவை?”

“கார் வாங்க வழியில்லாத இடத்தில காருக்குச் சாப்பாட்டுக் கடை,” என்றார் மேசையில் இருந்த இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை இங்கே எழுதிவைக்க வேண்டும்.

மாமாவின் கதையில் அந்தப் பிள்ளைக்குப் பெயர் இல்லை. அந்த மண்டபத்தில் பெயர் தெரிந்த ஒரே ஆள் நான். சிவதர்சினி. அவளுடைய வீட்டுக்கு மேல்மாடி இல்லை. பளையில் வீட்டுத்திட்டத்தில் கிடைத்த இரண்டு அறை வீடு, மேலே சீற் கூரை, குசினிக்கு இன்னும் பூச்சுப் பூசவில்லை. அந்தக் குசினியில் இருந்து அவளுடைய அம்மா அன்னபாக்கியம் அவித்துத் தந்த பிட்டை நான் சாப்பிட்டிருக்கிறேன். அவள் எந்தத் தாளையும் உருவவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அந்தத் தாள் எங்கே இருக்கிறது என்பதும் தெரியும்.

சிவதர்சினி, நாங்கள் கூப்பிடுவது தர்சினி, பளையில் எங்கள் வீட்டிலிருந்து மூன்று வளவு தள்ளிப் பிறந்தவள். அவளுடைய அக்காவும் நானும் ஐந்தாம் வகுப்புவரை ஒரே வாங்கில் இருந்தோம். பன்னிரண்டு வயதில் நான் லண்டனுக்கு வந்து மிச்சத்தை ஆங்கிலத்தில் படித்தேன். அவள் வன்னியிலேயே நின்று, இடம்பெயர்ந்து, திரும்பிப் போய், மறுபடி இடம்பெயர்ந்து படித்தாள். உயர்தரம் எடுக்கும்வரை மின்சாரம் இல்லாத வீடு. ரேடியோவில் செய்தி கேட்கச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் கறன்ற் எடுப்பார்கள். சுற்றுகிற வேலை அவளுடையது. “செய்தி வாசிக்கிறவர் மூச்சு விட்டால்தான் எனக்கும் மூச்சு,” என்று ஒருமுறை சொன்னாள்.

யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகம் கிடைத்தது. விடுமுறைக்கு வீட்டுக்கு வந்த நேரம் சண்டை மறுபடி தொடங்கி, யாழ்ப்பாணத்துக்குப் போகிற ஏ-ஒன்பது வீதி மூடப்பட்டது. கடைசி வருடப் படிப்பு வீதிக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது, அவள் இந்தப் பக்கம். பிறகு நடந்தவற்றை அவள் என்னிடம் அதிகம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சண்டை முடிந்து செட்டிகுளத்து முகாமில் இருந்தபோது கையெழுத்து வடிவாக இருந்ததால் கூடாரம் கூடாரமாகப் போய் மற்றவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தாள் என்பது மட்டும் தெரியும். “அங்கதான் அக்கா நான் கந்தோர் வேலை பழகினது. பேர் தாளில இல்லையெண்டால் அந்தாளுக்குத் தண்ணியும் இல்லை.”

அந்தப் பழக்கம் விடவில்லை. முகாமிலிருந்து வந்து கடைசி வருடத்தையும் முடித்து, பட்டதாரி நியமனத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராக ஒரு அரச கந்தோரில் சேர்ந்த நாளிலிருந்து, அவள் எதை எழுதினாலும் இரண்டு கொப்பி. ஒன்று கோவைக்கு, மற்றது வந்த ஆளின் கையில். “கொப்பி மிஸ்” என்று பகிடிப் பெயர் வைத்திருந்தார்கள். எந்தக் கந்தோர் என்று நான் எழுதப் போவதில்லை. காலையில் ஆறு மணிக்கு வெளிக்கிட்டு, பளையிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகிற தூரம் என்றால் போதும்.

நான் வேலை செய்யும் நிறுவனம் மின்சாரக் கார்களுக்குச் சார்ஜ் போடும் இடங்களை அமைத்து நடத்துகிறது. இலங்கையில் அரசாங்கத்தோடு கூட்டாகச் செய்வதற்கு ஒரு திட்டம் வந்தது. மெசினைக் கொண்டுவந்து பூட்டி நடத்துவது எங்கள் வேலை. அரச காணியைக் குத்தகைக்குத் தருவது, கம்பி இழுத்து டிரான்ஸ்போமர் தருவது, அலகுக்கு என்ன விலை என்று நிர்ணயிப்பது அரசாங்கத்தின் வேலை. எங்கள் திட்ட அறிக்கையில் ‘அரசாங்கத்தின் பங்கு’ என்று ஒரு தலைப்பு. அதன் கீழே ஒரே ஒரு வரி: காணியையும் அனுமதிகளையும் தொண்ணூறு நாளுக்குள் பெற்றுத்தருதல். அந்த வரியை எழுதியவள் நான். தமிழ் தெரிந்தவள், ஊர் தெரிந்தவள் என்று நிறுவனம் என்னையே ஒருங்கிணைப்பாளராக அனுப்பியது.

யாழ்ப்பாணத்திலிருந்து பூநகரி வழியாக மன்னாருக்குப் போகும் வீதியில் நடுவில் ஒரு கார் நின்று சார்ஜ் ஏற்ற இடமே இல்லை. ஜெயபுரம் தாண்டி ஒரு இடத்தில் வீதியோடு ஒட்டி நல்ல அகலமான சீமெந்துத் தளம், பக்கத்திலேயே டிரான்ஸ்போமர். அரசாங்கப் பதிவில் அது ‘வெற்று அரச காணி’. படத்தைப் பார்த்தவுடனே எங்கள் டிரெக்டர் இதுதான் இடம் என்றார். காணியைப் பற்றி அறிக்கை தரவேண்டிய உத்தியோகத்தர் யார் என்று பார்த்தேன். தர்சினி. எனக்குச் சந்தோசமாக இருந்தது. தெரிந்த பிள்ளை, அலுவல் கெதியாக முடியும் என்று நினைத்தேன்.

முதல் நாளே அவள் என்னைத் தளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

“இது வெற்றுக் காணி இல்லை அக்கா. மீள்குடியேறின நேரம் சீமெந்து மட்டும் ஒரு நிறுவனம் குடுத்தது. கல்லும் மண்ணும் கூலியும் இந்தச் சனத்தின்ர. ஆரும் பதியேல்லை. அதால புத்தகத்தில வெற்றுக் காணி.”

கமக்காரர் அமைப்பின் தலைவர் பழனியாண்டி அங்கே நின்றார். எழுபது வயதிருக்கும். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தோடு மலைநாட்டுத் தோட்டமொன்றிலிருந்து வந்து காடு வெட்டிக் குடியிருந்தவர். வன்னியில் நாற்பத்தைந்து வருடத்துக்கு மேல் இருந்தும் அவருடைய பேச்சு மாறவில்லை. தளத்தைப் பற்றி அவரே எனக்கு விளக்கினார். இப்போதெல்லாம் வெட்டுமெசினால்தான் அறுப்பு. நெல் ஈரமாகவே விழும். காயாத நெல்லை வியாபாரி தொடமாட்டான். மாசி, பங்குனியில் இருபத்துமூன்று குடும்பங்களும் முறை வைத்து இந்தத் தளத்தில் காயப்போடுவார்கள். யாருக்கு எந்த நாள், எந்தப் பக்கம் என்று அவர் சாம்பலால் கோடு போட்டுவிடுவார். கோட்டைத் தாண்டி யாரும் நெல்லைத் தள்ளமாட்டார்கள்.

“இங்கயாம்மா காருக்குச் சாப்பாடு போடப் போறீங்க?” என்று என்னைக் கேட்டார்.

“ஓம் ஐயா.”

“ஒரு காரு சாப்பிட எம்புட்டு நேரம் எடுக்கும்?”

“முக்கால் மணித்தியாலம்.”

“எங்க மாடே அதவிட வெரசா திங்கும்.” பிறகு தர்சினியைப் பார்த்தார். “மிஸ், மெசினு வரட்டும். வேணாம்னு சொல்லல. காரு நிக்கிற நேரத்துல நம்ம பொம்பளைங்க எளநி விப்பாங்க, கச்சான் விப்பாங்க. ஆனா அறுப்பு மாசத்துல எங்க நெல்லு எங்க போகும்?”

“அதுக்குத்தானே நான் வந்தது,” என்றாள் தர்சினி.

திரும்பி வரும்போது நான் அவளிடம் சொன்னேன், இதையெல்லாம் ஒப்பந்தத்துக்குள் போட்டால் இழுபடும், பிறகு பேசித் தீர்க்கலாம் என்று. அவள் நடந்துகொண்டே சொன்னாள்: “கொம்பனிக்கு நீங்கள் நிக்கிறியள். மின்சார சபைக்கு இஞ்சினியர் நிக்கிறார். பழனியாண்டியர் அந்த மேசையில இல்லை அக்கா. அவருக்கு ஆர் நிக்கிறது? அதுக்குத்தானே சம்பளம் தந்து என்னை வச்சிருக்கினம்.”

எங்கள் அறிக்கையில் ‘அரசாங்கத்தின் பங்கு’ என்ற தலைப்பின் கீழ் இது இல்லை.

அவள் ஒரு பக்கத்தில் நிபந்தனை எழுதினாள். வேலி போடுவதற்கு முன்பு வீதியின் மற்றப் பக்கத்தில் அதே அளவில் இன்னொரு தளத்தை நிறுவனம் கட்டிக்கொடுக்க வேண்டும், அதுவரை அறுவடை வாரங்களில் தளம் கமக்காரருக்குத் திறந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். கேட்க முடியாத விசயம் ஒன்றும் இல்லை. நானே அதை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். பழனியாண்டி வீடு வீடாகப் போய் அதில் இருபத்துமூன்று கையெழுத்து வாங்கினார். “காணி பெர்மிட் கெடைக்கவே முப்பது வருசம் ஆச்சும்மா. தாள்ல இருந்தா நம்புவேன்,” என்றார். காணி அறிக்கையின் படிவத்தில் ‘தற்போதைய பயன்பாடு’ என்ற கட்டத்தில் தர்சினி எழுதினாள்: ‘இணைப்பு அ பார்க்க.’ அந்த ஒரு பக்கம்தான் இணைப்பு அ. அதில் எங்கள் டிரெக்டரின் ஒப்பம் மட்டும் மிச்சம்.

கையெழுத்து வைபவம் ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு இராகு காலம் தொடங்கும் என்று, ஒன்பதே முக்காலுக்கும் பத்து இருபத்தைந்துக்கும் இடையில் சுபநேரம் குறித்திருந்தார்கள். குத்துவிளக்கு, நிறைகுடம், கதிரைகளுக்கு வெள்ளைத் துணி. அன்று காலையிலிருந்து கந்தோரில் கறன்ற் இல்லை. சார்ஜ் போடுகிற திட்டத்துக்குக் கையெழுத்து வைக்கிற நாளில் கறன்ற் இல்லை என்று பியோன் எல்லோருக்கும் சொல்லிச் சிரித்துக்கொண்டு திரிந்தார். போட்டோக் கொப்பி மெசின் வேலை செய்யவில்லை. அதனால், அன்று காலைதான் தர்சினியின் கைக்கு வந்த இணைப்பு அ ஒரு பிரதியாகவே இருந்தது. டிரெக்டரிடம் ஒப்பம் வாங்கச் சொல்லி அதை என்னிடம் தந்தாள்.

விருந்தினர்கள் பத்தேகாலுக்குத்தான் வந்தார்கள். நான் தாளை டிரெக்டரிடம் நீட்டினேன். வாசித்துப் பார்க்க வேண்டும், வழக்கறிஞரோடு பேச வேண்டும் என்று திருப்பித் தந்துவிட்டார். மேசையில் காணி அறிக்கை விரிந்து கிடந்தது. தர்சினி பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“அக்கா, இணைப்பு?”

“நேரம் போகுது தர்சினி. பத்தரைக்கு இராகு தொடங்குது.”

“இணைப்பு இல்லாமல் நான் எப்பிடி ஒப்பமிடுறது?”

“பின்னேரத்துக்குள்ள நானே ஒப்பம் வாங்கிக் கொண்டுவந்து தாறன். இப்ப போடுங்கோ. எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கினம்.”

தர்சினியின் மேலதிகாரி மணிக்கூட்டைப் பார்த்தார். யாரோ பின்னாலிருந்து, “பிள்ளை, நல்ல நேரம் முடியப்போகுது, போடுங்கோ,” என்றார்கள். இராகு காலத்தில் வைத்த கையெழுத்து விளங்காது என்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் பயம். அவளுக்கும் பயம். மெசின் வந்து எரிந்து போனால் தன்னுடைய கையெழுத்தால்தான் என்று ஊர் சொல்லும் என்று நினைத்திருப்பாள். எனக்கு அதில் நம்பிக்கையா என்று கேட்டால் தெரியாது. லண்டனில் வீடு வாங்கும்போது நானும் பஞ்சாங்கம் பார்த்தவள். ஆனால் அன்றைக்கு நான் அதைச் சொன்னது நம்பிக்கையால் இல்லை. அந்த அறையில் வேறு எதைச் சொன்னாலும் அவள் பேனையை மூடியிருப்பாள், இதைச் சொன்னால் வைப்பாள் என்று தெரிந்துதான் சொன்னேன். வைத்தாள். பத்து இருபத்துமூன்று.

பின்னேரம் டிரெக்டர் சொன்னார்: இதெல்லாம் நடைமுறை விசயம், ஒப்பந்தத்தில் போட்டால் மற்ற இடங்களிலும் கேட்பார்கள், வேண்டாம். தாளை என் கைப்பைக்குள் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை விமானம். விமான நிலையத்தில் தர்சினியின் செய்தி வந்தது: ‘அக்கா, இணைப்பு?’ ‘வரும்’ என்று பதில் போட்டேன்.

ஐப்பசியில் கேட்டாள். வரும் என்றேன். கார்த்திகையில் வேலி போட்டார்கள். அவள் போய் வேலையை நிறுத்தச் சொன்னாள். வேலைக்காரர்கள் அறிக்கையைக் காட்டினார்கள், அதில் அவளுடைய கையெழுத்து. மேலதிகாரியிடம் போனாள். “இணைப்பு வரட்டும், பாப்பம்,” என்றார் அவர். அன்றைக்கும் எனக்குப் போன் எடுத்தாள். தாள் என் மேசை லாச்சிக்குள் இருந்தது. நான் ஒரு பொய் சொன்னேன்: வழக்கறிஞரிடம் இருக்கிறது.

மாசியில் மழை பெய்தது. அறுப்பு நேரத்தில், மூன்று நாள். தளம் வேலிக்குள். சனம் நெல்லை வீதியோரத்தில் கொட்டித் தறப்பாளால் மூடினார்கள். நான்காம் நாள் தர்சினி படம் அனுப்பினாள். பழனியாண்டி தறப்பாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், உள்ளே நெல் பச்சையாக முளைத்திருக்கிறது. படத்தில் அவருக்குப் பின்னால் எங்கள் மெசின், புதிதாக, வெள்ளையாக. படத்துக்குக் கீழே அவள் ஒன்றும் எழுதவில்லை.

நான் கூப்பிய கைகள் படம் ஒன்றை அனுப்பினேன்.

கமக்காரர் மனுக் கொடுத்தார்கள். அவள் மேல் இல்லை, வேலியின் மேல்தான். ஆனால் மனு மேலே போனவுடன், அறிக்கையில் ஒப்பமிட்டது யார் என்ற கேள்வி கீழே வந்தது. கோவையைத் திறந்தார்கள். ‘இணைப்பு அ பார்க்க’ என்று இருக்கிறது. புரட்டினால் அடுத்த தாள் வரைபடம். நடுவில் ஒன்றும் இல்லை. கணினியில் அவள் தட்டச்சிட்ட பக்கம் இருந்தது, ஆனால் கையெழுத்தில்லாத பக்கத்தை நேற்று அடித்திருக்கலாம் என்றார்களாம். ஒழுக்காற்று விசாரணை. பழனியாண்டி கந்தோருக்குப் போய், “நாங்க மிஸ்ஸ பத்தி எழுதலைங்க, மிஸ்தான் எங்களுக்காகப் பேசினாங்க,” என்று சொல்லியிருக்கிறார். அவரையும் சேர்த்துச் சந்தேகப்பட்டார்கள், பேசி வைத்துக்கொண்டு சொல்கிறார் என்று.

பங்குனிக் கடைசியில் ஒரு நாள் தர்சினி போன் எடுத்தாள். நான் வேலைக்குப் போகும் ரயிலில் இருந்தேன்.

“அக்கா, ஒரு கடிதம் மட்டும். அந்தத் தாளை நான் உங்களிட்டத் தந்தனான் எண்டும், ஒப்பம் வாங்கித் தாறன் எண்டு நீங்கள் சொன்னனீங்கள் எண்டும். தாளையும் ஸ்கான் பண்ணி வையுங்கோ. வேற ஒண்டும் வேண்டாம்.”

“ஓம் தர்சினி. இந்தக் கிழமைக்குள்ள.”

“மெயிலில கந்தோருக்கு மட்டும் அனுப்பினால் காணாது. அவையள் திறந்து பாக்கமாட்டினம். எனக்கு அனுப்புங்கோ, நான் பிரின்ற் எடுத்துக் கையில குடுக்கிறன்.” பிறகு கொஞ்சம் சிரித்தாள். “கொப்பி மிஸ்ஸிட்டக் கொப்பி இல்லை. கந்தோர் முழுக்க இதுதான் பகிடி.”

அன்றைக்கே டிரெக்டரிடம் சொன்னேன். சொல்லாமல் எழுதியிருக்க வேண்டும். அவர் குரலை உயர்த்தவில்லை. நீ எழுதினால் நிறுவனம் எழுதியதாகத்தான் கொள்வார்கள், இன்னும் பதினொரு இடங்களுக்குக் கையெழுத்தாக வேண்டியிருக்கிறது, யோசித்துச் செய் என்றார். ‘யோசித்துச் செய்’ என்பதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். வீட்டில் என் மனுசனிடம் சொன்னேன். “அவ அரசாங்க உத்தியோகம், அவையள் சும்மா விசாரிச்சுப்போட்டு விட்டுடுவினம். உனக்கு வேலை போனால் போனதுதான்,” என்றார். அது எனக்குத் தேவையாக இருந்தது, பிடித்துக்கொண்டேன்.

பிறகு அவளிடமிருந்து வந்த அழைப்புகளுக்கு நான் போனை எடுக்கவில்லை. பதினொன்று. கூட்டத்தில் இருக்கும்போது, கடையில் வரிசையில் நிற்கும்போது, ஒருமுறை சும்மா வீட்டில் சோபாவில் இருந்து போனையே பார்த்துக்கொண்டிருக்கும்போது. கடைசியாகப் போன புதன்கிழமை ஒரு குரல் செய்தி: “அக்கா, திங்கக்கிழமை காலமை ஒம்பதரைக்கு விசாரணை. கடிதம் இல்லாட்டி இடைநிறுத்தம் எண்டு சொல்லீட்டினம். அதுக்குப் பிறகு அனுப்பிப் பிரயோசனம் இல்லை. பளைச் சந்தியில பிரின்ற் எடுக்கிற கடை எட்டு மணிக்குப் பூட்டிப்போடுவான், ஞாயிறும் அப்பிடித்தான். அம்மாவுக்கு நான் இன்னும் சொல்லேல்லை.” அவ்வளவுதான். குரலில் கோபம் இல்லை. அதற்குப் பிறகு அவளிடமிருந்து அழைப்பு வரவில்லை.

அந்தத் திங்கட்கிழமை நாளைக்கு. மாமா மேல்மாடிக் கதையைச் சொன்னது இன்றைக்கு.

மேசையில் கதை வேறு பக்கம் போய்விட்டிருந்தது. கேக் வெட்டப் பிள்ளைகளைக் கூப்பிட்டார்கள். நான் எழும்பவில்லை.

“மாமா,” என்றேன். “அந்தப் பிள்ளை தாளை உருவேல்லை.”

“உனக்கெப்பிடித் தெரியும்?”

“அந்தத் தாள் என்னட்ட இருக்கு.”

அவர் கையிலிருந்த ரோல்ஸைத் தட்டில் வைத்தார். “எந்தத் தாள்?”

சொன்னேன். இவ்வளவு நீளமாக இல்லை, நாலைந்து வசனத்தில். கொம்பனி என்னுடையது, தாள் என்னிடம் தரப்பட்டது, நான்தான் இராகு காலம் என்று சொல்லி ஒப்பமிட வைத்தேன், கேட்ட கடிதத்தை எழுதவில்லை. பக்கத்தில் இருந்தவர் எழும்பிக் கேக் பக்கம் போய்விட்டார்.

மாமா தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு, “அப்ப இவ்வளவு நாளும் என்னத்துக்கு வாயை மூடிக்கொண்டிருந்தனி?” என்று கேட்டார்.

“வேலை போயிடும் எண்டு பயம்.”

“உன்ர வேலை.”

“ஓம்.”

“அந்தப் பிள்ளையின்ர வேலை?”

அவரும் நல்லவராகிவிடவில்லை. “மச்சானிட்டச் சொல்லவேணும்,” என்று முணுமுணுத்தார். “அவன் இன்னும் பத்துப் பேருக்குச் சொல்லியிருப்பான்.” பிறகு, “நானும் இண்டைக்கு எத்தனை பேருக்குச் சொன்னனான்,” என்றார்.

மண்டபத்துக்கு வெளியே வந்து காருக்குள் இருந்தேன். தாளை லாச்சிக்குள் வைத்த நாளே படம் எடுத்து வைத்திருந்தேன். எதற்கு என்று அப்போது யோசிக்கவில்லை. தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினேன், போனிலேயே. நிறுவனத்தின் பெயரில் அல்ல, என் பெயரில். இன்ன நாள், இன்ன நேரம், இணைப்பு அ என்ற பக்கத்தை இவர் என் கையில் தந்தார். ஒப்பம் பெற்று அன்றே சேர்ப்பேன் என்று நான் உறுதி கூறியதை நம்பியே இவர் கையெழுத்திட்டார். சேர்க்காதது என்னுடைய தவறு, இவருடையது அல்ல. எழுதும்போது ‘நிர்வாகத் தாமதம்’ என்று ஒரு இடத்தில் விரல் தானாகப் போட்டது. அழித்தேன். முகவரி, போன் இலக்கம், கடவுச்சீட்டு இலக்கம், எல்லாம் போட்டேன். எழுதி முடிக்கப் பத்து நிமிடம்கூட எடுக்கவில்லை. பத்து நிமிட வேலையை நான் ஒரு மாதம் செய்யாமல் இருந்தேன்.

கந்தோருக்கு அனுப்பினேன். டிரெக்டருக்கு ஒரு பிரதி. தர்சினிக்கு மெயிலிலும் வட்ஸ்அப்பிலும் அனுப்பினேன். லண்டனில் இரண்டரை. பளையில் ஏழு மணி. கடை பூட்ட ஒரு மணித்தியாலம்.

வட்ஸ்அப்பில் ஒரு சரி அடையாளம் மட்டும் விழுந்தது. இரண்டாவது விழவில்லை. டேட்டா இல்லையா, போனை நிறுத்தி வைத்திருக்கிறாளா, என்னுடைய இலக்கத்தையே மறித்துவிட்டாளா தெரியாது. சாதாரண அழைப்பில் எடுத்தேன். மணி போனது, நின்றது. மறுபடி எடுத்தேன். அன்னபாக்கியம் அம்மாவின் இலக்கம் என்னிடம் இல்லை, ஒருநாளும் கேட்டு வாங்கவில்லை. பழனியாண்டியின் இலக்கம் இருந்தது. எடுத்தேன்.

“மிஸ்ஸா? மிஸ் வெள்ளிக்கெழமையே எங்ககிட்ட சொல்லிட்டுப் போயிட்டாங்கம்மா,” என்றார். “இனி வரமாட்டேன், உங்க கொப்பிங்கள பத்திரமா வச்சுக்கங்கன்னாங்க.”

“வேற ஏதும் சொன்னவாவா ஐயா?”

“ஒங்கள பத்தியா? இல்லம்மா. ஒன்னும் சொல்லல.” பிறகு கேட்டார்: “அந்தத் தாளு கெடைச்சிருச்சா?”

“கிடைச்சிட்டுது ஐயா.”

“அப்ப வெரசா மிஸ்ஸுக்குச் சொல்லுங்கம்மா. என்கிட்ட சொல்லி என்னா பண்றது.”

பளை நேரம் ஏழு இருபதுக்கு மறுபடி தர்சினிக்கு எடுத்தேன். ஏழு முப்பத்தொன்றுக்கு. அந்த நேரம் வீட்டில்தான் இருப்பாள், குளித்துக்கொண்டிருக்கலாம், போன் அறையில் இருக்கலாம், அல்லது கையில் வைத்துக்கொண்டு பெயரைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். நடந்து போனால் சந்திக்குப் பத்து நிமிடம். இப்போது அவள் போனை எடுத்தால்கூடப் போதும். மண்டபத்திலிருந்து மாமா வெளியே வந்து, காருக்குப் பக்கத்தில் நின்று, கண்ணாடியில் தட்டாமல் என்னைப் பார்த்தார். போனைக் காதில் வைத்தபடியே தலையாட்டினேன், இன்னும் இல்லை என்று.

ஏழு நாற்பத்தொன்று. மணி போய்க்கொண்டிருக்கிறது.